ஆதிரை உக்காந்திருந்த இடம்

பையத் தூக்கி மேல வச்சியே, நல்லாருப்ப தாயி. இந்த எடது கை எனக்கு மேல தூக்க வராது. உள்ள கம்பி வச்சிருக்கு. தண்ணிக் கொடம்கூட வலது பக்கம்தான். தையலை மட்டும் விடல. துணியத் தள்ளிவிடத்தான எடது கை, அதுக்கு இது போதும். உசிலம்பட்டில எறங்கி தையக்காரச் செண்பகவல்லி வீடு எதுன்னு கேட்டா யாரும் சொல்லுவாக. நீ தேனி வரைக்குமா? அப்பச் சரி, நான் எறங்கும்போது பைய எடுத்துக் குடுத்துரு.

அழுகுறேனா? ஆமா, அழுகத்தான் செய்றேன். மறைச்சு என்ன ஆகப்போகுது. எங்க ஊர்ல எல்லாருக்கும் இந்தக் கத தெரியும். ஆனா எல்லாரும் தப்பாத் தெரிஞ்சு வச்சிருக்காக. நீ அசலூருக்காரி. ரெண்டு பக்கமும் சேராதவ. நீ கேட்டு ஒரு நாயத்தச் சொல்லு.

எனக்கு ஒரே தம்பி. பால்பாண்டின்னு பேரு, மதுரையில ஏசி ரிப்பேர் பாக்குறான். அவன் தவழுற வயசுல எங்க அம்மா போயிருச்சு. அப்ப நான் எட்டாவது படிச்சேன். படிப்ப விட்டுட்டு அவனத் தூக்கிட்டேன். இடுப்புலயே வச்சிருப்பேன். அடுப்பு ஊதும்போதும் இடுப்புல, தண்ணிக்குப் போகும்போதும் இடுப்புல. ஒரு நா கீழ போட்டதில்ல. ஒரு நா. எதுக்குச் சொல்றேன்னா, பிள்ளையத் தூக்கத் தெரியாதவன்னு என்னைய யாரும் சொல்லிரக்கூடாது.

எனக்கும் கல்யாணம் நடந்துச்சு. பிள்ளை இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாக. அது பழைய கத, விடு.

பாண்டிக்கு நானே திருச்சியில பொண்ணு பாத்தேன். அனுசுயான்னு பேரு. ரத்தம் எடுத்து டெஸ்ட்டு பண்ற லேப்ல வேலை. கொறை சொல்ல முடியாத பொண்ணு. அதான் அவகிட்ட இருக்கிற கொறையே. சத்தம் போட்டுப் பேச மாட்டா, சண்டைக்கு வர மாட்டா, அவ நெனைச்சத மட்டும் செஞ்சுக்கிட்டே இருப்பா. பிள்ளை பொறந்துச்சு. ஆதிரைன்னு பேரு வச்சாங்க. தொட்டில்ல போட்டு, காதுல பேரச் சொன்னது நான்தான். அத்தைதான சொல்லணும்? சொன்னேன். அந்தப் பிள்ளை அப்படியே என் விரலப் பிடிச்சுக்கிச்சு. அன்னையிலருந்து அது என் பிள்ளைன்னுதான் வச்சுக்கோயேன்.

மாசத்துக்கு ரெண்டு தடவ மதுரைக்கு வந்துருவேன். என்னையப் பாத்ததும் பெத்தவகிட்ட இருந்து தாவும். தாவும்போது அவ மொகத்த நான் பாப்பேன். எந்தத் தாய்க்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்ல?

அப்பறம் பாண்டி ஒரு காரு வாங்குனான். பழைய காருதான், ஆனா பாக்கப் புதுசாட்டம் இருக்கும். அவன் காரு வாங்குன வாரமே இவ பிள்ளைக்குன்னு தனியா ஒரு சீட்டு வாங்கிட்டா. நீ பாத்திருக்கியா அத? தொட்டி மாதிரி இருக்கும். அத பின் சீட்டுல வச்சுக் கட்டி, அதுக்குள்ள பிள்ளைய வச்சு, தோள்பட்டையில ரெண்டு பட்டை, காலுக்கு நடுவுல ஒரு பட்டை, நெஞ்சுல ஒரு பூட்டு. கன்னுக்குட்டியக்கூட ஒரு கயித்துலதான தாயி கட்டுவோம்? "எதுக்குடி இது, வீட்டுல இத்தன மடி இருக்கு"ன்னு கேட்டேன். "வண்டிக்குள்ள மடி பத்தாது அண்ணி"ன்னா. மடி பத்தாதாம்! எப்பேர்ப்பட்ட வார்த்தை பாத்துக்க. யாரப் பாத்துச் சொல்றா?

அன்னைக்கு அத அப்படியே மனசுல வச்சுக்கிட்டேன்.

பிள்ளைக்கு ரெண்டு வயசு முடிஞ்சதும் குலசாமி கோயில்ல மொட்டை எடுத்துக் காது குத்தணும்னு வச்சிருந்தோம். எங்க குலசாமி ஆண்டிபட்டிக்கு அங்கிட்டு. மதுரையில இருந்து காலம்பற கெளம்பி வந்து என்னைய உசிலம்பட்டில ஏத்துனாங்க. நான் முன் சீட்டுல ஏறிக்கிட்டேன். வீட்டுக்கு மூத்தவ, பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தியும் வரும். பின்னாடி அனுசுயா, பக்கத்துல அந்தத் தொட்டிக்குள்ள ஆதிரை.

பிள்ளை என்னையப் பாத்துருச்சு. பாத்ததும் கைய நீட்டுது. "அத்த, அத்த"ங்குது. பட்டைய இழுத்துப் பாக்குது, வர முடியல. அழுக ஆரம்பிச்சிருச்சு. எப்படி அழுகுதுங்குற? மூச்சு முட்டி, நின்னு நின்னு வருது. ஊரத் தாண்டியாச்சு, இன்னும் அழுகுது.

"அனுசுயா, அவுத்து இங்கிட்டுக் குடு"ன்னேன்.

"கொஞ்ச நேரம் அழுவா அண்ணி, அப்பறம் தூங்கிருவா."

"அழுக அழுகப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியா? பெத்தவதான நீ?"

"முன்னாடி மட்டும் வேணாம் அண்ணி. உங்களுக்கு முன்னாடி அந்தப் பலகைக்குள்ள ஏர்பேக் இருக்கு. இடிச்சா அது வெடிச்சு வெளிய வரும். பெல்ட் போட்ட பெரியவங்கள அது காப்பாத்தும், சின்னப் பிள்ளைங்களுக்கு ஆகாது. நீங்க வேணா பின்னாடி வந்து அவ பக்கத்துல உக்காருங்க. நான் முன்னாடி வரேன்."

பாரு, என்னைய எந்திரிச்சுப் பின்னாடி வரச் சொல்றா. என் தம்பி காருல.

"நான் கெட்டியாப் பிடிச்சுக்கிருவேன்"ன்னேன்.

"பிடிக்கிறதுல இல்ல அண்ணி…"ன்னு ஏதோ சொல்ல வந்தா. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, நான் அவகிட்டப் பேசல, பாண்டி பக்கம் திரும்பிட்டேன். "ஏன்டா, உன்னைய நான் தூக்கி வளக்கலையா? ஒரு நா கீழ போட்டேனா? பிள்ளை பெறாதவ கையில பிள்ளையக் குடுக்கக்கூடாதுன்னு உம் பொண்டாட்டி நெனைக்கிறா. சுத்தி வளைக்காம அத மொகத்துக்கு நேராச் சொல்லச் சொல்லு. நான் இங்கனயே எறங்கிக்கிறேன்"ன்னேன்.

அவ அப்படிச் சொல்லல. சொல்லலங்குறதையும் சொல்லிரணும்ல. ஆனா நெனைச்சிருப்பா.

பாண்டி வண்டிய ஓரமா நிறுத்திட்டான். "அனு, கோயில் பக்கத்துலதான. மெதுவாத்தான் போறேன். குடுத்துரு"ன்னான். அப்பறம் அவளேதான் பூட்டெல்லாம் அவுத்தா. சுத்தி வந்து என் கதவத் தொறந்து, பிள்ளைய என் மடியில வச்சா. வச்சுட்டு ஒரு தரம் பிள்ளை தலையத் தொட்டா. "நீங்க பெல்ட் போட்டுக்கங்க அண்ணி"ன்னா. பிள்ளை மடியில இருக்கும்போது அந்தப் பட்டைய எங்கிட்டுப் போடுறது? போடல.

மடிக்கு வந்ததும் அழுகை நின்னுருச்சு. சொல்லி வச்ச மாதிரி நின்னுருச்சு. பாத்தியா, பாத்தியான்னு நான் பின்னாடி திரும்பிச் சொன்னேன். ஆடு போச்சு, "ஆடு"ன்னுச்சு. மலையடிவாரத்துல கரண்டு எடுக்குற பெரிய பெரிய காத்தாடி சுத்தும்ல, அதப் பாத்துட்டு அதுவும் கையச் சுத்துச்சு. முன்னாடி பலகையில ரெண்டு கையாலயும் தட்டித் தட்டிச் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்ப நீ கேட்டிருக்கணும் தாயி. பின்னாடி கட்டிப் போட்டிருந்தா அது அப்படிச் சிரிச்சிருக்குமா?

முன்னாடி ஒரு டிராக்டர் வைக்கோல் ஏத்திக்கிட்டுப் போச்சு. குறுக்க நாயோ என்னமோ வந்திருக்கு, சட்டுனு நின்னுட்டான். பாண்டி பிரேக் அடிச்சான். நிக்கல. போய் இடிச்சிருச்சு.

பெரிய இடி இல்ல. சத்தியமா பெரிய இடி இல்ல. பாண்டிக்கு நெஞ்சுல பெல்ட் அழுத்துன தடம் மட்டும்தான். அனுசுயாவுக்கு அதுவும் இல்ல. பூசைத் தட்டுகூட அவ காலடியில அப்படியே இருந்துச்சு. ஆனா எனக்கு முன்னாடி அந்தப் பலகை வெடிச்சுச்சு. கோயில் வேட்டு காதுக்குள்ள வெடிச்ச மாதிரி. வெள்ளைப் புகை, ஒண்ணும் தெரியல. நான் பிள்ளைய விடல. அதத்தான் கேக்குற எல்லார்கிட்டயும் நான் சொல்றேன். நான் கைய விடவேயில்ல. என் கை ஒடைஞ்சு எலும்பு வெளிய தெரியுது, அப்பவும் பிள்ளை என் நெஞ்சோடதான் இருந்துச்சு. பிறகு புகை கலைஞ்சு அதோட மொகத்தப் பாத்தேன்.

அதச் சொல்ல வேணாம். நீ சின்னப் பொண்ணு.

மதுரைக்குக் கொண்டு போனாக. உயிரு இருந்துச்சு. சாமி உயிர மட்டும் விட்டு வச்சுச்சு. வலது கண்ணு போயிருச்சு. அந்தப் பக்கத்துக் கன்னம் பூராம் தீஞ்ச மாதிரி ஆகி, தோல் ஒட்டிச் சரி பண்ணாக. கழுத்துல ஏதோ பிசகி, நாலஞ்சு மாசம் பட்டை போட்டு வச்சிருந்தாக. ஒரு டாக்டர், சின்ன வயசுப் பையன்தான், எங்களை எல்லாம் வச்சுக்கிட்டுச் சொல்றாரு: "பின்னாடி அந்தச் சீட்டுலயே இருந்திருந்தா இந்தப் பிள்ளைக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது." எனக்கு வந்துச்சே கோவம். அவரு என்ன அந்தக் காருக்குள்ள இருந்தாரா? வெடிச்சது அந்தப் பைதான? பை வெடிக்காட்டி பிள்ளைக்கு என்ன ஆயிருக்கும்? நான்தான் பிடிச்சிருந்தேனே! இன்னொருத்தர் சொன்னாரு, நான் பெல்ட் போடாததால என் கனமும் சேந்து பிள்ளை மேல அழுத்திருச்சுன்னு. படிச்சவுக, என்ன வேணா சொல்லலாம். நான் இன்னைக்கும் சொல்றேன், பாண்டி அந்தப் பழைய காரு வாங்கியிருக்கக்கூடாது. அந்த டிராக்டர்க்காரன் அப்படி நிறுத்தியிருக்கக்கூடாது. அவ "இடிச்சா, வெடிச்சா"ன்னு போற வழியில வாய வச்சிருக்கக்கூடாது.

எனக்கும் கையில ஆபரேசன் பண்ணாக. கட்டோட மாடியேறிப் பிள்ளையப் பாக்கப் போனேன். மொகம் பூராம் துணி சுத்தியிருக்கு. "ஆதிர, அத்தை வந்திருக்கேன்டா"ன்னேன். சத்தம் வந்த பக்கம் கைய நீட்டுச்சு தாயி. அந்த நெலமையிலயும் என் பக்கம்தான் நீட்டுச்சு. அனுசுயா தலமாட்டுல உக்காந்திருந்தா. எந்திரிச்சா. இப்ப வைவா, இப்ப அடிப்பான்னு நின்னேன். அடிச்சா வாங்கிக்கலாம்னுதான் நின்னேன். அவ என் கட்டைப் பாத்துட்டு, "கைக்கு என்ன சொன்னாங்க அண்ணி?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். என் கையக் கேட்டா.

ஒரு வார்த்தை வஞ்சிருந்தா நானும் நாலு வார்த்தை வஞ்சிருப்பேன். ரெண்டு பேரும் தலைமுடியப் பிடிச்சு அழுது தீத்திருப்போம். அவ அதுக்கு எடமே குடுக்கல. கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கிட்டா. முதல்ல, பிள்ளைக்குக் கிருமி தொத்திக்கும் யாரும் வர வேணாம்னா. அப்பறம் திருச்சியில அவ அம்மா வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டா. அப்பறம் மதுரைக்குத் திரும்பி வந்தும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பாண்டி மட்டும் ஒத்தையில வருவான். "பிள்ளைக்கு ஸ்கூலு இருக்குக்கா"ம்பான். தீபாவளிக்கு என்னடா ஸ்கூலு? நான் கேக்க மாட்டேன். அவனும் சாப்புட்டுட்டுப் போயிருவான்.

நான் கவுன் தச்சு அனுப்புவேன். மிச்சத் துணியில இல்ல, புதுத்துணி எடுத்து, பூ வச்சு. அளவு தெரியாது, எட்டத்துல இருந்து ஒரு பிள்ளையோட வளத்திய எப்படி அறியிறது? பக்கத்து வீட்டுல அதே வயசுப் பிள்ளை ஒண்ணு இருக்கு, அத நிக்க வச்சு அளவெடுப்பேன். அத அனுசுயா போட்டுவிட்டு போட்டோ எடுத்து அனுப்புவா. அதுல ஒரு கொறையும் வைக்க மாட்டா. ஆனா எல்லாப் போட்டோவுலயும் பிள்ளை எடது கன்னம் மட்டும் தெரியுற மாதிரி திரும்பி நிக்கும். ஒண்ணுலகூட முழு மொகத்தக் காட்ட மாட்டா. என்கிட்ட எதுக்கு ஒளிக்கணும்? நான் பாக்காத மொகமா?

ரெண்டு நாளைக்கு முன்னாடி அவளே போன் பண்ணா. "அண்ணி, கவுன் தைக்கிற அத்தையப் பாக்கணும்னு ஆதிரை சொல்லிக்கிட்டே இருக்கா. வந்துட்டுப் போங்க"ன்னா. நாலு வருசத்துக்குப் பெறகு. போகக்கூடாதுன்னு ஒரு மனசு. நேத்துக் காலையில மொத பஸ்ஸுக்கு நின்னுட்டேன்.

பிள்ளை வளந்திருச்சு தாயி. ஆறு வயசு ஆயிருச்சு. ஒரு பக்கம் தெரியாததால கோழி பாக்குற மாதிரி தலையச் சாச்சு நம்மளப் பாக்குது. கன்னத்துல அந்தத் தடம் பளபளன்னு இருக்கு. நான் அத வெறிச்சுப் பாத்துட்டேன் போல. "வலிக்காது அத்தை, தொட்டுப் பாக்குறீங்களா?"ன்னு கேக்குது. நான் தொடல. என்னால தொட முடியல.

ராத்திரி என் பக்கத்துல படுத்துச்சு. கதை கேட்டுச்சு. அனுசுயா எனக்குன்னு மீன் கொழம்பு வச்சா, முள்ளில்லாத துண்டாப் பாத்துப் போட்டா. பழசு ஒண்ணும் பேசல. நானும் பேசல. எத வச்சுப் பேசுறது?

இன்னைக்கு மத்தியானம் கெளம்புனேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் விடுறேன்னு பாண்டி வண்டிய எடுத்தான். இது வேற காரு. பிள்ளை, "நானும் வரேன்"னு ஓடியாந்து, பின்னாடி அதோட சீட்டுல ஏறி உக்காந்துருச்சு. இப்ப அந்தத் தொட்டி இல்ல, ஒசரமா ஒரு பலகை மாதிரி இருக்கு. அனுசுயா வாசல்ல நின்னா. நான் பழக்கத்துல முன் கதவத் தொறந்துட்டேன்.

அந்தப் பிள்ளை போட்டுச்சு பாரு ஒரு சத்தம். "அத்தை, அங்க வேணாம்! அங்க உக்காந்தா மூஞ்சியில அடிக்கும்! இங்க வாங்க, இங்க வாங்க!"

"பெரியவங்க உக்காரலாம்டா. பெல்ட் போட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு பாண்டி சொல்றான். கேக்கல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்தக் கெட்டுப்போன கண்ணுலயும் தண்ணி வருது தாயி, பாக்காத கண்ணு, அதுலயும் வருது. நான் கதவச் சாத்திட்டுப் பின்னாடி போய் உக்காந்தேன். உக்காந்ததும் என் பக்கத்துப் பட்டைய இழுத்துக் குடுக்குது. என் எடது கைக்கு அத மாட்ட வரல. அதுவே ரெண்டு கையாலயும் பிடிச்சு அமுக்குச்சு. "டக்குனு சத்தம் வரணும் அத்தை. வந்தாத்தான் மாட்டியிருக்குன்னு அர்த்தம்."

இப்படிப் பயங்காட்டி வளத்து வச்சிருக்காளேன்னு நெனைச்சேன். கேட்டுருவோம்னு கேட்டேன். "யாருடா சொன்னா உனக்கு, முன்னாடி உக்காந்தா அடிக்கும்னு?"

"அம்மா."

"வேற என்ன சொன்னா அம்மா?"

"குட்டிப் பாப்பாவா இருக்கும்போது நான் முன்னாடி உக்காந்திருந்தேன்ல, அப்பதான் அடிச்சிருச்சு. நான் அம்மா மடியில இருந்தேனாம். முன்னாடி வச்சுக்கக்கூடாதுன்னு அம்மாவுக்குத் தெரியாதாம். தெரியாம வச்சுட்டேன்டான்னு சொன்னாங்க. நிறைய சாரி சொன்னாங்க."

பாண்டி முன்னாடி இருக்கிற கண்ணாடியில என்னையப் பாத்தான். பாத்துட்டு ரோட்டப் பாத்துக்கிட்டான்.

அம்மா மடின்னு சொல்லியிருக்கா, தாயி. அவ மடின்னு. அன்னைக்கு அந்தப் பிள்ளை யாரு மடிக்கு அழுதுச்சு? யாரு மடிக்கு வந்து சிரிச்சுச்சு? கடைசியில அந்த மடியக்கூட என்கிட்ட இருந்து எடுத்து அவளோடதுன்னு வச்சுக்கிட்டா. பச்சப்பிள்ளைகிட்டப் பொய் சொல்லலாமா? நீயே சொல்லு. நாயம்தான நான் கேக்குறது?

ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிற? சரி.

'இல்லடா, அது அத்தை மடி'ன்னு சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பிள்ளை தலையச் சாச்சு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. வரல. வார்த்தை வெளிய வரல. சிக்னல் வந்துச்சு, போச்சு, நான் அந்தப் பட்டையத் தடவிக்கிட்டே வந்தேன். நான் கோவமா இருக்கேன்னு அது நெனைச்சுக்கிச்சு போல. என் கையப் பிடிச்சு, இந்தக் கம்பி வச்ச கையத்தான், மெதுவாச் சொல்லுது: "அம்மாவ வையாதீங்க அத்தை. பாவம். அவங்க அதச் சொல்லும்போதெல்லாம் அழுவாங்க."

வைய மாட்டேன்டான்னேன்.

"ப்ராமிஸ்?"னு கைய நீட்டுச்சு. அந்தச் சின்னக் கையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்துட்டுத்தான் எறங்குனேன். குடுத்துட்டு, பஸ்ஸு இன்னும் செக்கானூரணி தாண்டல, உன்கிட்ட உக்காந்து அவள வஞ்சுக்கிட்டு வரேன்.